காலிலிருந்து அளந்த உயரம்

ஓய்வு பெற்ற பிறகும் எனக்குப் பேஸ்மென்ற் படங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஸ்காபரோவிலும் அதைச் சுற்றியும் உள்ள வீடுகள்: மார்க்கத்திலிருந்து வரும், அஜின்கோர்ட்டிலிருந்து வரும், ரூஜின் புது வீடுகளிலிருந்து சாந்து மணம் மாறாமல் வரும். வீட்டுக்கு அடியில் ஆளில்லாத அறைகள். மூலையில் ஹீற்றர், கூரையடியில் தகரக் குழாய், தரையின் நடுவே தண்ணீர் போகும் ஓட்டை. படத்துக்குக் கீழே ஒரே கேள்விதான்: "அன்ரி, மூண்டு தட்டா, ஒரு தட்டா?"

வீட்டில் பியர் வடிப்பவர்களின் கேள்வி அது. தயாராக விற்கும் தானியப் பாகை வாங்கிக் கரைத்து வேலையை முடிக்கிறவர்களுக்கு ஓர் அடுப்பே போதும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பைத் தாங்களே வடித்தெடுக்க வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு மூன்று பானை வேண்டும். தண்ணீர் சுடுவதற்கு ஒன்று, தானியம் ஊறுவதற்கு ஒன்று, வடித்த சாறு கொதிப்பதற்கு ஒன்று. அந்த மூன்றையும் தாங்கும் இரும்புச் சட்டத்துக்குப் பெயர் ஸ்ராண்ட். படிக்கட்டுப் போல மூன்று தட்டு வைத்தால் மேலிருந்து கீழே எல்லாம் தானாக இறங்கும். ஒரே தட்டில் வரிசையாக வைத்தால் பம்ப் வேண்டும். என் வேலைக்காலத்தின் பிற்பாதி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவள் நான். இப்போது எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் அடக்கிய மின்சார மெசின் பெட்டியில் வருகிறது. ஆனாலும் படங்கள் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கை வலிக்கிறது. ஒரு தடவை விரிவாக எழுதிவிடுகிறேன்.

நான் வெல்டர். இந்த நகரத்துக்கு வந்த புதிதில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாலையில், திறந்த கதவொன்றின் உள்ளே நீல வெளிச்சம் துள்ளியது. இரும்பு நீராகி, நீர் மறுபடி இரும்பாகியது. பஸ் வந்தது, போனது. நான் நின்றேன். பிறகு வகுப்பு, பரீட்சை, சுட்ட விரல்கள், "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை" என்று கேட்ட சொந்தங்கள். அதெல்லாம் எல்லோருக்கும் உள்ள கதை. சவிரி அண்ணையின் பட்டறையில் சேர்ந்ததிலிருந்துதான் என் கதை.

சவிரி அண்ணை மன்னார்க்காரர். ஸ்காபரோவில் தமிழ்க் கடை வரிசையொன்றின் பின்புறம் அவருடைய பட்டறை. சாப்பாட்டுக் கடைகளுக்கு ஸ்ரெயின்லெஸ் மேசை, புகை இழுக்கும் ஹூட், வீடுகளுக்குக் கேற். அப்படி ஹூட் செய்ய வந்த ஒருவர், சென்னைக்காரர், மார்க்கத்தில் கம்ப்யூட்டர் வேலை, "அண்ணா, எனக்கு பியர் வடிக்க ஒரு ஸ்டாண்ட் பண்ணித் தருவீங்களா" என்று கேட்டார். சவிரி அண்ணை ஒரு துளி தொடாத மனிதர். கோயிலில் கூட்டு வழிபாடு நடத்துகிறவர். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கேட்டது இவ்வளவுதான்: "தண்ணி நிறைஞ்சா எவ்வளவு பாரம் வரும்?"

பின்னாளில் யாராவது நக்கலடித்தால் அவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "குடிக்காதவன் வெட்டினாத்தான் வெட்டு நேரா இருக்கும்."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழையைக் காட்டவும் மாட்டார். பிழை இருக்கிற இடத்தில் விரலை வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்களாகக் கண்டுபிடிக்கும் வரை அந்த விரல் எழும்பாது. மூட்டின் உட்புற மூலையை நான் தேய்த்து மழமழப்பாக்காமல் விட்ட நாட்களில் அந்த விரலை நான் வெறுத்திருக்கிறேன். கொதித்த சாறு பொங்கி வழிந்தால் அந்த மூலைக்குள்தான் போய் உறையும், புளிக்கும், நாறும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரம். எனக்கு எப்போதும் அவசரம். என் கைகளுக்குள் ஏதோ ஒன்று எப்போதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்த விரல்தான் அதை நிறுத்தியது.

ஒவ்வொரு ஸ்ராண்டுக்கும் அவர் வைக்கும் பரீட்சை தேத்தண்ணீர்ப் பரீட்சை. பானைகளை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பச் சொல்வார். பிறகு தன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து, சட்டத்தின் ஒரு முனையில் ஏறி உட்காருவார். மெதுவாகக் குடிப்பார். ஊதி ஊதிக் குடிப்பார். பானைகளில் தண்ணீர் அலைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கோப்பை காலியானதும் இறங்கி, "அப்ப சரி" என்பார். அந்த இரண்டு சொல் கிடைத்தால்தான் லொறியில் ஏற்றலாம்.

றெஜினா அக்கா வந்தது ஒரு நவம்பரில், முதல் பனி கொட்டிய வாரத்தில். நெடுந்தீவுக்காரி. என் தோளளவு உயரம். அஜின்கோர்ட்டில் பழைய பங்களா வீடு. அவரோடு மகன் யூட் வந்திருந்தான், கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டபடி, கடைசி வரை அங்கே நிற்க விரும்பாதவனைப் போல.

"ஆஸ்பத்திரிக் குசினியில வேலை செய்து ஓய்ஞ்சனான் பிள்ளை" என்றார் அக்கா. "அத்தனை வருசமும் உப்பில்லாமச் சமைச்சனான். காரமில்லாமச் சமைச்சனான். எவரோ எழுதித் தந்ததைச் சமைச்சனான். உந்தப் பியர் ஒண்டுதான் என்ர ருசிக்கு நான் செய்யிறது. உவன் அதை நிப்பாட்டச் சொல்லுறான்."

"அம்மா, tell them why" என்றான் யூட்.

அக்கா பூட்ஸைக் கழற்றி, காலுறையை இறக்கிக் காட்டினார். புறங்காலில் தோல் சுருங்கி மினுங்கியது. யாரோ விற்ற மூன்று தட்டு ஸ்ராண்டை வாங்கியிருக்கிறார். உயரமான ஆளுக்குச் செய்தது. மேல் பானைக்குள் எட்டிப் பார்க்க ஸ்ரூல் வைத்து ஏறியிருக்கிறார். வலது தோள் பாதிக்கு மேல் எழும்பாது. பானைக்குள் ஊற்ற எடுத்த வெந்நீர் ஜக்கைக் கை மாற்றியபோது ஸ்ரூல் ஆடியது. வெந்நீர் காலில். வெறுங்காலில்.

"கிறிஸ்மஸுக்கு முன்னம் ஒரே ஒரு தரம்" என்றான் யூட். "அம்மா தனியச் செய்யவேணும். என்னைக் கூப்பிடக்கூடாது, ஒருத்தரையும் கூப்பிடக்கூடாது. செய்து காட்டினா okay, I'll shut up. இல்லாட்டி எல்லாத்தையும் வித்துப்போட்டு அந்த இடத்தில பிள்ளையளுக்கு ஒரு விளையாட்டு அறை போடுவம்."

"உவர் நீதவான்" என்றார் அக்கா என்னைப் பார்த்து. "நான் பெத்த நீதவான்."

பெட்டியில் வரும் அந்த மின்சார மெசினை யூட் ஏற்கெனவே காட்டியிருக்கிறான். ஆனால் அதில் ஊறிய தானியத்தைக் கூடையோடு மேலே தூக்கி எடுக்கவேண்டும். ஈரத் தானியம் தூங்குகிற குழந்தையை விடப் பாரம். "உதைத் தூக்க நீ வருவியோ?" என்று அம்மா கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாம்.

நானும் சவிரி அண்ணையும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். தாழ்ந்த கூரை. அதன் குறுக்கே தகரக் குழாய். தரை நடுவிலிருந்த ஓட்டையை நோக்கிச் சரிந்திருந்தது. சுவரில் மாதாவின் சிலை, எங்கள் பேச்சில் சுருவம், முன்னால் சின்ன மின்விளக்கு. அந்த வீட்டின் செபமாலை அங்கேதான் சொல்லப்படும்.

திரும்பி வரும்போது வாகனத்துக்குள் எங்களுக்குள் சண்டை. சவிரி அண்ணைக்கு எப்போதும் மூன்று தட்டுத்தான். "பூமி கெட்டுப்போகாது மெற்றில்டா. பம்ப் கெட்டுப்போகும். குட்டையாய் ஒரு மூண்டு தட்டுச் செய்வம்."

"குட்டையாச் செய்தாலும் மேல பானை மேலதானே அண்ணை. பூமி கெட்டுப்போகாது. அந்த மனிசியின்ர தோள் கெட்டுப்போச்சு."

அவர் வெகுநேரம் வைப்பர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு தட்டு. ரெண்டு பம்ப். நீயே செய்" என்றார். அவர் தன் மூன்று தட்டைக் கைவிட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்று ஸ்காபரோவின் சிவப்பு விளக்குகள் எல்லாம் எனக்குக் கொண்டாட்டமாக எரிந்தன.

ஒரு தட்டின் உயிர் அதன் உயரத்தில் இருக்கிறது. பம்ப் பானையின் குழாய்வாயை விடத் தாழ்வாக இருக்கவேண்டும். தண்ணீர் தானாக இறங்கி அதன் வயிற்றை நிறைத்தால்தான் அது தள்ளும். காற்றைக் குடித்தால் கத்தும், ஒன்றையும் நகர்த்தாது. அதனால் பம்ப் தட்டை உயர்த்தச் சொல்லும். மனிதரோ தாழ்த்தச் சொல்லுவார், ஊறும் தானியத்தைக் கிளற வேண்டும், முடிந்ததும் அள்ளி எடுக்க வேண்டும். முழங்கை பானையின் விளிம்புக்கு மேலே நிற்கவேண்டும். அக்காவைப் பட்டறைக்கு அழைத்து நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கைக்கு அளந்தேன். அடுப்புக்கு நெருப்பு வேண்டாம், மூடிய அறைக்குள் ஆபத்து என்று மின்சாரச் சூடு வைத்தோம். ஆவியை வெளியே தள்ள ஒரு ஹூட். வெல்டுகளை நான் அவசரமில்லாமல் போட்டேன். மூலைகளை விரல் கேட்காமலே தேய்த்து மழமழப்பாக்கினேன். தேத்தண்ணீர்ப் பரீட்சையில் தண்ணீர் அசையவில்லை. அக்கா துடுப்பைப் பிடித்துக் கிளறிப் பார்த்தார். "வெண்ணெய் மாதிரி" என்றார். அப்ப சரி.

வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். அக்கா துடுப்பைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"பிள்ளை, உது வளர்ந்திட்டுது."

முழங்கை விளிம்புக்குக் கீழே நின்றது. தோள் தானாக மேலே ஏறியது, ஏறவே கூடாத அந்தத் தோள். நான் நாடாவை எடுத்து அளந்தேன். ஸ்ராண்ட் சொன்ன உயரத்தில்தான் இருந்தது. மறுபடி அளந்தேன். சவிரி அண்ணை குனிந்து, விரலை அக்காவின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். வைத்துவிட்டு மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் சப்பாத்து இல்லாமல் எவரும் நிற்க முடியாது. அக்கா பனிக்குப் போடும் தடித்த பூட்ஸோடு நின்றார், நான் அதோடு அளந்தேன், அதோடே அவர் கிளறிப் பார்த்தார். வீட்டில் நாங்கள் யாருமே சப்பாத்தோடு நிற்பதில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தப் பேஸ்மென்ற்றில் நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோருடைய கால்களையும் பார்த்தேன். என் கால் பெருவிரல் காலுறையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. யூட்டுக்கு வரவில்லை.

"ஒரு பலகை மேடை செய்து போடலாம்" என்றேன். "அக்கா அதில ஏறி நிண்டு..."

"ஸ்ரூல்ல ஏறித்தானே கால் வெந்தது" என்றார் சவிரி அண்ணை. "வெட்டுவம்."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்காவின் காலடியிலிருந்து புது அளவு எடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மினுங்கும் தோல் என் கண்முன்னால் இருந்தது.

"அக்கா, திரும்பவும் வெறுங்காலோடயோ வேலை செய்யப்போறியள்?"

"வேற என்னெண்டு?"

"சப்பாத்துப் போடுங்கோ. கொதிக்கிற சாறு வெந்நீர் மாதிரி ஓடாது. சீனிப்பாகு. ஒட்டிக்கொள்ளும்."

"மாதா நிக்கிற இடத்தில சப்பாத்தோட வரமாட்டன்." குரல் கதவு சாத்துவது போல இருந்தது.

"அம்மா, please" என்றான் யூட். "நான் எத்தினை தரம் சொன்னனான்?"

"நீ ஆயிரம் தரம் சொல்லு. ஊரெல்லாம் மிதிச்சதைக் கொண்டுவந்து இவவின்ர காலடியில வைக்கேலாது."

 சுருவத்தை நகர்த்தலாமா என்று கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். கோயில் காரியத்தில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"றெஜினா, நீ வெந்த காலோட முழங்கால்ல இருந்தனியே, அதைப் பாக்க மாதாவுக்கு விருப்பமா இருந்திருக்குமோ?"

அக்கா குனிந்தார். தன் காலைப் பார்த்தார். சுருவத்தின் காலைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "வெளிய மிதிக்காத சப்பாத்தெண்டா... அது வேற."

ஆஸ்பத்திரிக் குசினியில் அப்படி ஒன்று வைத்திருந்தாராம். வெள்ளை ரப்பர் பூட்ஸ். குசினிக்குள் மட்டும். யூட் கார்ச் சாவியை எடுத்தான். படியில் பாதி ஏறியவன் நின்று திரும்பினான்.

"அம்மா, உங்கட சைஸ் என்ன?"

"இத்தினை வயசுக்குப் பிறகு கேக்கிறார்" என்றார் அக்கா. ஆனால் சொன்னார்.

அவன் பெட்டியோடு வந்தான். கடைசிப் படியில் வைத்துத் திறந்தான், மண்ணில் படாமல், குழந்தையை இறக்கி வைப்பது போல. அக்கா அதற்குள் கால்களை விட்டார். பனிப் பூட்ஸைப் போலத் தடிப்பில்லை, மெல்லிய அடி; வெட்டத்தான் வேண்டும். பூட்ஸ் போட்ட கால் தரையில் பட்டதும் சவிரி அண்ணை பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். தரை சரிவு என்பதால் ஸ்ராண்டின் ஒவ்வொரு காலுக்கும் தனி அளவு. எந்தக் கால் எந்த இடத்தில் நிற்குமோ அங்கேயே வைத்துக் கோடு போட்டோம். பிறகு வெளியே கொண்டுபோய், பனி மூடிய டிரைவ்வேயில் படுக்கவைத்து, நான் கிரைண்டரைப் பிடித்தேன். பகல் வெயில், வெள்ளைப் பனி, அதன்மேல் பொறிமழை. பொறிகள் பனியில் விழுந்து சிறுசிறு துளைகளாய் அணைந்தன. எதிர்வீட்டுக்காரர் கையில் பனி வாரியோடு நின்று பார்த்தார். தட்டுத் தாழ்ந்ததால் பம்புகள் தரையை நெருங்கிவிட்டன. அவற்றைப் பக்கவாட்டில் திருப்பி, தட்டின் வயிற்றோடு ஒட்டிக் கட்டி, தண்ணீர் தெறிக்காமல் தகரத் தொப்பி போட்டேன். அன்று மாலைக்குள் அந்த ஸ்ராண்ட் இரண்டாம் தடவை பிறந்தது.

அக்கா வடித்த நாள் ஒரு சனிக்கிழமை. யூட் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மேல் படியில் நான், எனக்கு மேல் சவிரி அண்ணை. தொடக்கூடாது, சொல்லக்கூடாது. மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்றவர்கள் போல வரிசையாய் இருந்தோம். கீழே வெள்ளைப் பூட்ஸ் ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு நடந்தது. அக்கா குழாயைத் திறந்தார், வெந்நீர் ஓடியது, உடைத்த பார்லி நனைந்தது, அவித்த சிவப்பரிசி அதோடு சேர்ந்தது. அது அவருடைய சொந்தக் கைவண்ணம், எந்தப் புத்தகத்திலும் இல்லை. அறை முழுக்க, பேக்கரியில் பாண் சுடும் மணம்.

வடிக்கத் தொடங்கியபோது பம்பின் சத்தம் மாறியது. முதலில் முனகியது, பிறகு கத்தியது. குழாயில் சாறு மெலிந்து, நூலாகி, நின்றுவிட்டது. அரிசி கஞ்சியாகி அடியில் இறுகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் கை என்னை அறியாமல் நீண்டது. சவிரி அண்ணை பின்னால் இருந்து என் சட்டையைப் பிடித்தார்.

"அம்மா, நான் வரட்டா?" யூட் பாதி எழும்பிவிட்டான்.

"இருடா. நீ வந்தா நான் தோத்திடுவன்."

பம்பை நிறுத்தினார். குழாய்வாயை மூடினார். அலுமாரியைத் திறந்து ஒரு பை எடுத்தார். உமி. நெல்லின் உமி, கழுவிச் சுத்தமாக்கி வடிப்பவர்களுக்கென்றே விற்பது. அதைக் கைநிறைய அள்ளிப் பானையில் தூவினார். பிறகு துடுப்பை எடுத்து அடிவரை இறக்கினார்.  அவருடைய தோளையே பார்த்தேன். தோள் எழும்பவில்லை. முழங்கை விளிம்புக்கு மேலே சும்மா மிதந்தது. துடுப்பு அடியில் தட்டி, புரட்டி, மேலே வந்து, மறுபடி இறங்கியது. அவசரமேயில்லை. கஞ்சி நெகிழ்ந்தது. படியட்டும் என்று அக்கா இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் எங்களைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு ஏதும் தேத்தண்ணி வேணுமோ?" என்றார்.

வாயை மெல்லத் திறந்தார். பம்ப் கத்தவில்லை. குழாயில் முதலில் ஒரு துளி, பிறகு ஒரு நூல், பிறகு கறுத்த, இனித்த, நிற்காத ஓடை. கொதிப் பானையில் அது விழும் சத்தம் அந்தப் பேஸ்மென்ற்றில் நான் கேட்ட மிகப் பெரிய கைதட்டல். கொதித்தது, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ போட்டார், கடைசியில் பனங்கட்டி போட்டார், ஆறவைத்தார், பம்பாலேயே ஒரு வாளிக்கு மாற்றினார், நொதிக்க ஈஸ்ற் தூவி மூடினார். யாரும் கீழே இறங்கவில்லை. ஒரு பெயரும் கூப்பிடப்படவில்லை.

யூட் கடைசிப் படியில் வந்து நின்றான்.  "அந்தப் பூட்ஸைக் கழுவித் தரட்டா அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"கழுவு. ஆனா வெளிய கொண்டுபோகாத."

அப்போது சவிரி அண்ணை கேட்டார்: "றெஜினா, அந்தத் தேத்தண்ணி இன்னும் இருக்கோ?" ஸ்ராண்டின் கால்களை வெட்டிய பிறகு பரீட்சை நடக்கவில்லையே. பானைகளைக் கழுவித் தண்ணீரால் நிரப்பினோம். அவர் கோப்பையோடு போய் ஸ்ராண்டின் முனையில் உட்கார்ந்தார். பட்டறையில் எப்போதும் கால் தொங்க உட்காருகிறவர். இங்கே அவருடைய வெறும் பாதங்கள் முழுதாகத் தரையில் பதிந்திருந்தன. ஊதி ஊதிக் குடித்தார். தண்ணீர் அசையவில்லை. இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் கோப்பையை அக்காவிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். என் வேலைக்காலத்தில் எந்த ஸ்ராண்டும் இரண்டாவது கோப்பை வாங்கியதில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பிறகும் அக்கா நிறுத்தவில்லை. இன்றும் நிறுத்தவில்லை. விளையாட்டு அறை மேல் தளத்தில் இருக்கிறது.

ரூஜிலிருந்து போன வாரம் ஒரு இளம் தம்பதி படம் அனுப்பியிருந்தார்கள். நல்ல உயரமான கூரை, சமமான தரை, வெளிச்சம். மூண்டு தட்டா ஒரு தட்டா, அன்ரி? நான் எழுதினேன்: "படத்தில் உங்கள் கால் இல்லை. வடிக்கும்போது எதைப் போட்டுக்கொண்டு நிற்பீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் நின்று, திரும்ப எடுத்து அனுப்புங்கோ."

நேற்று வந்தது. இரண்டு சோடிப் பாதங்கள். ஒன்றில் பூனைப் படம் போட்ட காலுறை. மற்றதில் புத்தம்புது ரப்பர் பூட்ஸ், விலைத்துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காலுறைக்காரனுக்கும் ஒரு சோடி வாங்கச் சொல்லிப் பதில் போட்டுவிட்டு, பென்சிலைத் தேடினேன். அது என் காதில் இருந்தது.